முத்திரைப் பை

சொக்கோல் கிராமம்
2021 ஏப்ரல் 7

ஹேரின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி குமொக் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் உயிரோடு இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் நலத்தை உங்களைப் பார்த்துக்கொள்ளும் பாங் அம்மா வாரம் ஒருமுறை போனில் சொல்கிறார். கஞ்சி முழுதாக இறங்குகிறதாம். வலப்பக்கம் அப்படியேதான் இருக்கிறதாம், ஆனால் இடது கையால் கரண்டியைப் பிடிக்கிறீர்களாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று உங்களைப் பத்து நிமிடம் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. உங்கள் மருத்துவமனையில் இன்னும் யாரையும் உள்ளே விடுவதாக இல்லை. போனைக் காதில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் கடிதம். பாங் அம்மா நிதானமாக வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி. ஆனாலும் நம் வீட்டுப் பேச்சு அவர் வாயால் வரப்போகிறதே என்று கூச்சமாக இருக்கிறது. பாங் அம்மா, இந்த இரண்டு வரியை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

ஊர்த் தலைவர் வேலையை உங்களுக்குப் பதிலாக நான்தான் இழுத்துக்கொண்டு போகிறேன். காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் பேசுகிறேன். பதினாலு வருஷமாக நீங்கள் "ஆ, ஆ, கேக்குதா" என்று ஊரை எழுப்பியபோது நான் எரிந்து விழுந்தேன். இப்போது நானும் அதையே கேட்கிறேன். முகக்கவசம் போடுங்கள், பக்கத்து ஊர்த் துக்கத்துக்குப் போகாதீர்கள், உர மூட்டை வந்துவிட்டது, இவ்வளவுதான் தினமும். என் குரலைக் கேட்டால் நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்கின்றன. உங்களுக்கு ஒரு நாளும் அப்படிக் குரைத்ததில்லை என்று ஆட்கள் சிரிக்கிறார்கள்.

பூண்டு நன்றாக வந்திருக்கிறது. நம் இரண்டு நெல் வயலையும் மான்பொக்தான் உழுது கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். "அண்ணன் எழுந்து வந்ததும் கணக்குத் தீத்துக்கிறேன், அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டும். நாலு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

கொரோனாவால் விற்பனை விழுந்த விவசாயிகளுக்கு நிவாரணம் என்று வட்ட அலுவலகத்தில் அறிவித்திருக்கிறார்கள். பூ போட்டவர்களுக்குப் பத்து லட்சம் வோன். விண்ணப்பிக்க இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி நாள். நம் ஊரில் பூ போட்டவன் மான்பொக் ஒருவன்தானே. பட்டமளிப்பு விழா ஒன்றுகூட நடக்காமல் போனதில் அவனுடைய இரண்டு பசுமைக்குடில் ஃப்ரீசியாப் பூவும் நின்றபடியே வாடிவிட்டது. பிப்ரவரியில் டிராக்டரை உள்ளே விட்டு எல்லாவற்றையும் மண்ணோடு மடக்கி உழுதான். ஊர் முழுக்க வாசனை. அவன் மனைவி யொங்சிம் அந்தப் பக்கம் திரும்பாமல் தினை புடைப்பது மாதிரி வெறும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். குடிலைச் சூடாக்கிய எண்ணெய்க்கே கடன் நிற்கிறது. அந்தக் கடனுக்குத் தவணை நீட்டிக் கேட்கக்கூட விவசாயி என்ற பதிவு வேண்டுமாம்.

விண்ணப்பிக்கப் போனவனிடம் ஒன்றிய அலுவலகத்து யோம் பொண்ணு, அந்த நிலத்தில் அப்படி ஒரு விவசாயியே இல்லை என்று சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டரில் அந்த நிலத்து விவசாயி ஜுன்கில். சியோலில் பல் பிடுங்கிக்கொண்டிருக்கும் நம் ஜுன்கில்! தன் அப்பா விட்டுப்போன நிலத்தில் அவன் கடைசியாகக் கால் வைத்தது அவருடைய ஈமச் சடங்கன்றுதான். மான்பொக்குக்கு வாய்ப்பேச்சுக் குத்தகை, காகிதம் எதுவும் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அதனால் யோம் பொண்ணு ஒரு வழி சொல்லியனுப்பினாள். அவன்தான் பயிர் வைக்கிறான் என்று ஊர்த் தலைவர் சாகுபடிச் சான்று கொடுத்தால் போதும், பதிவும் ஆகும், நிவாரணமும் வரும் என்றாள். சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னான்.

சான்றுப் படிவம் எடுக்க உங்கள் இரும்பு அலமாரியைத் திறந்தேன். நீலக் கோப்பு கையில் வந்தது. அதில் பதினோரு தாள்கள். வருஷத்துக்கு ஒன்று. "மேற்படி நிலத்தை உரிமையாளர் ஜுன்கில் தாமே பயிரிட்டு வருகிறார்." கீழே ஊர்த் தலைவர் கூ பொன்சுல், உங்கள் முத்திரை. அதற்கும் கீழே பக்கத்து நிலத்துச் சாட்சி. பதினோரு தாளிலும் ஒரே ஆள். தக் மான்பொக்.

அந்த நிலத்தில் உழுகிறவன், நான் உழவில்லை என்று பதினோரு வருஷமாகத் தன் முத்திரையாலேயே சாட்சி சொல்லியிருக்கிறான்.

எனக்கு உடனே பையின் ஞாபகம் வந்தது. மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்தப் பழைய துணிப் பை. கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முப்பத்தொரு வீட்டுப் பெயர் முத்திரையும் அதில்தானே இருக்கிறது. உரத்துக்கும் நாற்றுக்கும் மருந்துக்கும் ஒவ்வொரு தடவையும் யார் நடந்து வருவது என்று எல்லாரும் உங்களிடமே கொடுத்துவைத்தார்கள். நீங்களும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து வாயால் ஊதி ஊதிக் குத்துவீர்கள். மற்றவர்களுடையது எல்லாம் நேராக விழும். உங்களுடையது மட்டும் தலைகீழ். செதுக்கியவன் மேல்பக்கத்துக் குறியைத் தப்பான பக்கம் வெட்டிவிட்டான் என்று எத்தனை தடவை சொன்னேன்! குறி எங்கேயோ அதுதான் மேல் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். நம் கல்யாணப் பதிவிலேயே மாப்பிள்ளை தலைகீழாக நிற்கிறார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தாள்கள் மான்பொக்குக்குத் தெரியுமா? தெரியும் என்றால் பாங் அம்மாவின் விரலை ஒரு தடவை அழுத்துங்கள். தெரியாது என்றால் இரண்டு தடவை. அவனுக்கு இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. படிவம் தீர்ந்துபோச்சு என்று பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

குளிர் இன்னும் விடவில்லை. கால் உறையைக் கழற்றிப் போடாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
குமொக்


சொக்கோல்
ஏப்ரல் 18

ஹேரின் அப்பாவுக்கு,

குமொக்தான் மறுபடியும். பாங் அம்மா போன் செய்தார். கடிதத்தை முழுக்கக் கேட்டீர்களாம். விரலைக் கொடுத்தால் பிடிக்கவில்லையாம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ராத்திரிக் கஞ்சியை வேண்டாம் என்றீர்களாம். உங்களைப் பட்டினி போட்ட பாவம் எனக்கு. ஆனால் கேட்டது தப்பு என்று மட்டும் எழுத மாட்டேன். அவனுக்குத் தெரியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாம் பேசுவதில் உங்களுக்கு எவ்வளவு எட்டுகிறது என்று சொல்ல முடியாதாம். முகத்தைத் திருப்புவது எரிச்சலாகவும் இருக்கலாம், வெறும் உடம்பு அசைவாகவும் இருக்கலாமாம். ஹேரின் போனில் இதைக் கேட்டு அழுதாள். நான் அழவில்லை. நான் யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேனா என்ற பயம் மட்டும் இருக்கிறது.

மான்பொக்கைக் கூப்பிட்டு நீலக் கோப்பைக் கையில் கொடுத்துவிட்டேன். முதல் தாளைப் படித்தான். மற்றதில் எழுத்தைப் பார்க்கவில்லை, முத்திரையை மட்டும் பார்த்தான். ஓரம் சிதைந்த மரமுத்திரையா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் அம்மா பேரில் வரும் உரத்துக்குக் குத்த அண்ணனிடம் கொடுத்தது என்றான். பையைத் திறந்து அதைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நாற்றுத் தட்டில் விதை போட வருகிறேன் என்றவன் ஐந்து நாள் வரவில்லை. நான் ஒருத்தியே நூற்றிருபது தட்டைச் சுமந்தேன். முதுகு போய்விட்டது.

இதற்கிடையில் ஜுன்கிலுக்கு நானே போன் செய்தேன். முதலில் அத்தை அத்தை என்று குழைந்தான், மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. தானே பயிரிடாமல் விவசாயி என்று சட்டத்தை ஏமாற்றி நிலம் வைத்திருக்கிறவர்களை எல்லாம் டிவியில் கிழித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் இப்படிச் சான்று கொடுத்தால் என் கதி என்ன என்று கத்தினான். கொடுத்தால் அடுத்த நாளே நிலத்தை சோலார் தகடு போடுகிறவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றான். நான் விடவில்லை. அப்புறம் அவன் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது.

"அத்தை, இது என் யோசனை இல்ல. அப்பா செத்த வருஷமே நான் வித்துட்டுப் போறேன்னு வந்தேன். மாமாதான் கையப் புடிச்சிக்கிட்டாரு. அந்தப் பையன் பொழப்பு போயிடும், நிலம் கெடக்கட்டும், காகிதத்த நான் பாத்துக்கிறேன்னாரு. வேணும்னா அவரையே கேளுங்க."

உங்களையே கேட்கச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அறுவடைத் திருநாளுக்கு வருஷா வருஷம் சியோலிலிருந்து அவன் டின் இறைச்சிப் பெட்டி அனுப்பும்போது, ஊரை மறக்காத பிள்ளை என்று நான் எல்லாரிடமும் பெருமை பேசினேனே! பொரித்துப் பொரித்துத் தின்றோம். மான்பொக் வீட்டுக்கும் இரண்டு டின் கொடுத்தனுப்பினேன். நீங்கள் மட்டும் பல்லில் சிக்குகிறது என்று தொட மாட்டீர்கள். ஒவ்வொரு குளிர்காலமும், பதிவு உள்ள விவசாயிக்கு மட்டும் கிடைக்கும் நம் மானிய எண்ணெயை நீங்கள் ஏன் அவன் குடிலுக்கு உருட்டிக்கொண்டு போனீர்கள் என்பதும் இப்போதுதான் புரிகிறது. அதற்காக உங்களை நான் பேசிய பேச்சை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுஷனைக் கேட்காமல் அவன் பேரைக் குத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. படுத்துக் கிடக்கிறவரிடம் கோபப்படக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் படுகிறேன்.

நேற்று யொங்சிம் புளித்த முள்ளங்கி எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான். உள்ளே வராமல் செருப்போடு வாசலிலேயே நின்றான். ஜுன்கில் சொன்னதை அப்படியே சொன்னேன். சான்று கொடுத்தால் நிலம் போகலாம், கொடுக்காவிட்டால் நிவாரணமும் பதிவும் போகும், நீயே சொல் என்றேன். யொங்சிம் அவனையே பார்த்தாள். அப்புறம் அவன் சொன்னான்.

"நிலம் போனா போகட்டும்னு சொல்ற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல, அண்ணி. ஆனா நான் வெவசாயி இல்லன்னு எங் கையாலயே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கே. அத மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

மாற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

இனி நடக்க வேண்டியதைக் கேளுங்கள். இந்த வருஷத்துக்கு இப்போதைய தலைவர் என்று என் கையெழுத்தும் முத்திரையும் போதும். ஆனால் 2019இல் அவன் பூ விற்றதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நிவாரணம் தருவார்கள். அந்த வருஷத்துக்கு அப்போதைய தலைவரின் முத்திரை வேண்டும். அதாவது உங்களுடையது. அது விழுந்தால், முன்பு நீங்கள் எழுதியது எல்லாம் பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். விசாரிக்க வருவார்கள். படுக்கையில் இருப்பவரை என்ன செய்துவிடுவார்கள் என்று யோம் பொண்ணு சொல்கிறாள். தலைவர் கூ என்றால் இந்த ஒன்றியத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. அது போகும். அதை உங்களிடமிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை.

யோம் பொண்ணு இன்னொன்றும் மெதுவாகச் சொன்னாள். "முத்திரை உங்க வீட்டுலதானே இருக்கு, குத்தி எடுத்துட்டு வாங்க. யாரு பாக்கப் போறா." நல்ல மனசில்தான் சொன்னாள். ஊரில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து உங்கள் முத்திரையை எடுத்தேன். மை டப்பாவையும் திறந்தேன். அப்புறம் இரண்டையும் மூடிவிட்டேன். நீங்கள் மான்பொக்குக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்ய மாட்டேன்.

அதனால் இந்தக் கடிதத்தோடு சான்றுத் தாளையும் உங்கள் முத்திரையையும் சிவப்பு மையையும் வைத்திருக்கிறேன். குத்த வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருக்கிறேன். பாங் அம்மா, தயவுசெய்து அவர் இடது கையில் முத்திரையைக் கொடுங்கள். அவர் கையைப் பிடித்து நீங்கள் குத்திவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அவராகச் செய்தால் செய்யட்டும். இல்லையென்றால் வெறும் தாளை அனுப்பிவிடுங்கள். மான்பொக்கிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் சரி. நீங்கள்தான் முடிவு செய்தீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

உங்கள்
குமொக்


சொக்கோல்
ஏப்ரல் 29

ஹேரின் அப்பாவுக்கு,

உறை இன்றைக்குக் காலையில்தான் வந்தது. நேற்று வரைக்கும் தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடினேன். மின்சாரக் கட்டணமும் விதைக் கம்பெனி அட்டையும்தான் வந்துகொண்டிருந்தன. இன்று வண்டி வரும்போது நான் பூண்டு வயலில் இருந்தேன். சேற்றுக் கையோடு பிரிக்கக் கூடாது என்று கை கழுவினேன். கழுவியும் துடைக்காமல் பிரித்துவிட்டேன். தாளின் மூலையில் என் விரல் ஈரம் இருக்கிறது.

வட்டத்துக்கு நடுவில் கூ பொன்சுல் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

பாங் அம்மாவுக்கு உடனே போன் செய்தேன். ஆறு நாள் நீங்கள் முத்திரையைத் தொடவே இல்லையாம். ஏழாம் நாள் கஞ்சி முடிந்ததும் நீங்களாகவே மேசைப் பக்கம் கையை நீட்டினீர்களாம். பெயர் நேராக விழட்டும் என்று அவர் எழுத்தைப் பார்த்துச் சரியாகத் திருப்பிக் கொடுத்தாராம். நீங்கள் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, அதை மறுபடி திருப்பிப் பிடித்துக்கொண்டீர்களாம். "தப்பு ஐயா, தலகீழா இருக்கு" என்று அவர் இரண்டு தடவை மாற்றி வைத்தும், இரண்டு தடவையும் நீங்கள் திருப்பிவிட்டீர்களாம். அப்புறம் ஊதிக் குத்தினீர்களாம். தாளைக் கெடுத்துவிட்டேனே, அம்மா கோபித்துக்கொள்வாரோ என்று பாவம் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

குறியைத் தேடியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பத்து மணி பஸ்ஸைப் பிடித்து ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். யோம் பொண்ணு தாளைப் பார்த்துவிட்டு, முத்திரை தலைகீழாக இருக்கிறது, வேறு தாளில் குத்திக்கொண்டு வாருங்கள் என்றாள். எங்கள் கல்யாணப் பதிவை எடுத்துப் பார், பதினோரு வருஷத்துப் பழைய சான்றுகளையும் எடுத்துப் பார், எதிலாவது அவர் நேராக நின்றால் நான் திரும்பிப் போகிறேன் என்றேன். உண்மையிலேயே எழுந்து போய் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் தாளை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தாள். பழைய தாள்களும் அவள் மேசையிலேயே இருந்தன. அவற்றைப் பார்க்காமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் வட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வருவாராம். வரட்டும். பயமாகத்தான் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்லுவேன்.

ஜுன்கில் நாலு நாளாகப் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் தேதி நேரில் வருகிறேன் என்று செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறான். விற்கத்தான் வருகிறானோ, பேச வருகிறானோ, தெரியவில்லை. சட்டப்படி குத்தகை எழுதிப் பதிவு செய்தால் அவனுக்கும் நிலம் நிற்கும் என்று யோம் பொண்ணு சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவன் காதில் ஏறும்வரை சொல்லிப் பார்ப்பேன். மான்பொக் எதற்கும் காத்திருக்கவில்லை. குடிலுக்குள் மிளகாய் நட்டுக்கொண்டிருக்கிறான். நான் ரசீதைக் காட்டியதும் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, உங்கள் முத்திரைதானா என்று கேட்டான். தலைகீழாக இருந்தது என்றேன். சிரித்தான். சிரித்துவிட்டுக் குழாயைத் திறக்கப் போனவன் திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. சாயந்திரம் வந்து நம் வயல் வரப்பைச் சீர் செய்துவிட்டுப் போனான். கூலியைப் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எழுந்து வந்து அவனிடம் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. அதை என்னால் செய்ய முடியாது.

முத்திரைகளை எல்லாம் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாதிப் பேர் வாங்க மாட்டேன் என்றார்கள். "எங்கள அலைய வெக்கிறியே, நீயே குத்திக்கயேன்" என்று ஒருத்தி திட்டினாள். இனி குத்த வேண்டும் என்றால் அவரவர் வந்து படித்துப் பார்த்துக் குத்துங்கள் என்று ஒலிபெருக்கியிலும் சொல்லிவிட்டேன். நாய்கள் குரைத்தன. பை காலியாகிவிட்டது. துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

உங்கள் முத்திரையையும் மையையும் பாங் அம்மா திருப்பி அனுப்பவில்லை. கேட்டால், நீங்கள் கையை விரிக்கவில்லை என்றார். நல்லது, அங்கேயே இருக்கட்டும். கண்ணாடித் தடுப்பு இல்லாமல் உங்களைப் பார்க்க விடும் நாள் என்றைக்கோ எனக்குத் தெரியாது. அதுவரை நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் கொஞ்சம் இடம் விடுகிறேன். எதற்கும் சாட்சி சொல்ல வேண்டாம். கேட்டேன் என்று ஒன்று குத்தி அனுப்புங்கள், போதும். தலைகீழாகவே குத்துங்கள்.

குமொக்

பென்சில் வட்டம் கீழே இருக்கிறது.